ஒரு காசுப் பத்திரிகையும் நாற்பது காசுக் கூலியும்

1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். அக்காலத் தமிழ்ப் பத்திரிகைகள் எதை எழுதின, எதற்குச் சண்டையிட்டன என்று பார்க்க, கூலிக் கணக்கையும் மானக் கணக்கையும் சேர்த்தே புரட்ட வேண்டும்.

கூலி: 1937-இல் மலாயாத் தோட்டங்களில் தமிழருக்கு வகுத்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. 1938 மே மாதம் அது 45, 36 ஆனது. கூலி இறங்கியும் 5-க்கு 4 என்ற ஆண், பெண் விகிதம் அசையவில்லை. மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால், ஆணுக்கு 1 வெள்ளி 30 காசும் பெண்ணுக்கு 1 வெள்ளி 4 காசும் நட்டம். அடுத்த மாதமே இந்திய அரசு, உதவி பெற்று மலாயா செல்லும் தொழிலாளர் பயணத்தைத் தடுத்தது.

விலை: கோ. சாரங்கபாணி 1935 ஜூலை 6-இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசு, வார இதழாக 1 காசுக்கு விற்றது. அந்த விலையில் ஆண் ஒரே மாதத்தில் இழந்த தொகைக்கு 130 பிரதி, அதாவது இரண்டரை ஆண்டுப் பத்திரிகை வாங்கலாம். பெண் இழந்ததற்கு 104 பிரதி, சரியாக 2 ஆண்டு.

கருத்து: 1924-இல் நரசிம்ம ஐயங்கார் கோலாலம்பூரில் தொடங்கிய தமிழ் நேசன், பெரியார் வருகையை எதிர்த்தது. தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் குரலாகப் பிறந்த முரசு, சாதியையும் வீண் சடங்கையும் எதிர்த்தது. ஆங்கில ஏடுகளோ ரப்பர் விலைக்குப் பத்தி ஒதுக்கின. அந்த ரப்பரை வெட்டியவரைக் ‘கூலி’ என்றே எழுதின. யாரை மனிதராக எண்ணினார்களோ, அவருக்கே பத்தியில் இடம் கிடைத்தது.

மானம்: 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. முன்னின்ற ஆர். எச். நாதன், பெரியாரை எதிர்த்த அதே தமிழ் நேசனின் துணையாசிரியர். கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வு இருந்தது, கள்ளுக்கடையை மூடுவது இருந்தது. வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் இருந்தது.

அந்தக் கடைசிக் கோரிக்கைக்குச் செலவுப் பக்கத்தில் எழுத வேண்டியது 0 காசு. அரசு அந்த ஆண்டு மே மாதம் நாதனைக் கைது செய்து நாடு கடத்தியது.