கரை கடந்த கதைகள் – 6: தொட்டிலுக்கு அடியில் ஓர் இரும்புத் துண்டு

கடந்த வாரம் நோர்வேயின் காட்டில் ஹுல்ட்ராவைச் சந்தித்தோம். முன்னால் பார்த்தால் பேரழகி, பின்னால் மாட்டு வால். இந்த வாரம் அவளுடைய இனத்தார் காட்டைவிட்டு வீட்டுக்குள் வருகிறார்கள். அவர்கள் தேடி வருவது பிறந்து சில நாளே ஆன பச்சைக் குழந்தையை.

நிலத்துக்கடியில் ஒரு சனம் குடியிருக்கிறது என்று நோர்வேயிலும் சுவீடனிலும் டென்மார்க்கிலும் ஊரார் நம்பினார்கள். அவர்களும் மாடு வளர்ப்பார்கள், கலியாணம் செய்வார்கள், ஆனால் நம் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். மனிதக் குழந்தை மேல் அவர்களுக்குத் தீராத ஆசை. ஞானஸ்நானம் கொடுக்க முன் பிள்ளையைத் தனியே விட்டால் அதைத் தூக்கிக்கொண்டு, தங்களுடைய நோஞ்சான் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்திவிட்டுப் போய்விடுவார்களாம். அப்படி விட்டுப்போனதுதான் ‘மாற்றுப்பிள்ளை’.

இதைப் பற்றி ஸ்கண்டிநேவியா முழுவதும் ஒரு கதை உண்டு. ஒரு வீட்டில் பிள்ளை எவ்வளவு குடித்தும் வளரவில்லை. பேச்சும் வரவில்லை, அழுகையும் ஓயவில்லை. அயலில் இருந்த கிழவி தாய்க்கு ஓர் உபாயம் சொல்லிக் கொடுத்தாள். அதன்படி தாய் ஒரு முட்டைக்கோதை அடுப்பில் வைத்து, அதில் கஞ்சி காய்ச்சி, நீளமான கோலால் துழாவினாள். தொட்டிலில் கிடந்தது விறுக்கென்று எழும்பி உட்கார்ந்தது. காடு ஏழு முறை வெட்டுப்பட்டு ஏழு முறை வளர்ந்ததைக் கண்ட வயது தனக்கென்றும், இப்படியொரு சட்டிக்கு இப்படியொரு கோலைத் தான் கண்டதேயில்லை என்றும் வாய்விட்டுச் சொல்லிவிட்டது. குட்டு வெளிப்பட்டதும் நிலத்தடித் தாய் வந்து, மனிதப் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் பிள்ளையை எடுத்துக்கொண்டு போனாள்.

அப்படி நேராமல் காக்க அந்த ஊர்த் தாய்மார் மூன்று காரியம் செய்தார்கள். ஞானஸ்நானம் முடியும்வரை பிள்ளை கிடக்கும் அறையில் வெளிச்சத்தை அணைய விடவில்லை. தொட்டிலில் சங்கீதப் புத்தகம் வைத்தார்கள். கூடவே ஒரு கத்தரிக்கோலோ கத்தியோ, ஏதாவது ஓர் இரும்பு வைத்தார்கள்.

இந்த இரும்பு நம் வத்தளைக்கும் புதிதல்ல. ஹெந்தளைப் பக்கம் ஒரு மாடிவீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போயிருந்தேன். பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள் இன்னும் கழியவில்லை. அறைக்குள் ஏசி ஓடியது. மேசையில் கிளினிக் கொப்பி, பக்கத்தில் பிள்ளையின் காய்ச்சல் மருந்து. வடமராட்சியிலிருந்து வந்திருந்த அம்மம்மா மெத்தையின் ஓரத்தைத் தூக்கி எனக்குக் காட்டினார். பழைய பாக்குவெட்டி ஒன்று, கைபட்டுக் கைபட்டுப் பிடி வழுவழுத்திருந்தது. தலைமாட்டில் ஒரு கொத்து வேப்பிலை.

“பிள்ளைப்பெத்த வீட்டில இரும்பு இருக்கவேணும் தம்பி. ஏனெண்டு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. என்ர அம்மா வைச்சவ, நான் வைக்கிறன்.”

மகள் ஒரு தனியார் வங்கியில் வேலை. தாயின் பேச்சுக்கு அவர் மறுப்புச் சொல்லவுமில்லை, சிரிக்கவுமில்லை. “அம்மா அதை வைச்சாத்தான் அண்ணா நிம்மதியா நித்திரை கொள்ளுவா” என்றார்.

இது யாழ்ப்பாணத்தாரின் தனிச்சொத்தும் அல்ல. பெரியபிள்ளையான பெண்ணைத் தனியறையில் இருத்தும்போது பாக்குவெட்டியையோ காம்புச்சத்தகத்தையோ கையில் கொடுப்பது நம் வழக்கம். சிங்கள வீடுகளிலும் அதே பாக்குவெட்டியைத்தான் கொடுப்பார்கள். கர்ப்பிணிகளையும் பச்சைக் குழந்தைகளையும் வாட்டும் ‘களு குமாரயா’ என்ற கறுத்த இளவரசனுக்கு அவர்கள் பயந்தார்கள். பொரித்த மீனோ இறைச்சிக் கறியோ இரவில் கொண்டுபோனால், பாத்திரத்தோடு ஓர் ஆணியையோ அடுப்புக்கரித் துண்டையோ வைத்து அனுப்பும் பழக்கம் இரு சனத்துக்கும் பொது. பிள்ளைக்காக வேண்டுவதும் அப்படித்தான். களனி ஆற்றைக் கடந்தால் கொச்சிக்கடை. செவ்வாய்க்கிழமைகளில் புனித அந்தோனியார் கோவிலுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய்மாரில் கத்தோலிக்கரும் உண்டு, சைவரும் உண்டு, பௌத்தரும் உண்டு. அங்கே எந்தச் சமயத்துக்காரி என்று எவரும் கேட்பதில்லை.

ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், பனியில் உறைந்த ஊர்த் தாயும் நம் தாயும் ஒரே பொருளை ஏன் எடுத்தார்கள்? அவர்கள் கண்ட சாவைக் கொண்டுதான் இதற்கு விடை சொல்லமுடியும். சுவீடன் 1749 முதல் ஊர் ஊராகப் பிறப்பு இறப்புக் கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் அங்கே பிறந்த ஐந்து பிள்ளைகளில் ஏறக்குறைய ஒன்று முதலாம் பிறந்தநாளைக் காணவில்லை. இலங்கையிலும் 1946இல்கூட, பிறந்த 1,000 பிள்ளைகளில் ஏறக்குறைய 140 பிள்ளைகள் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். இன்று அந்தத் தொகை பத்துக்கும் குறைவு. நேற்றுச் சிரித்த பிள்ளை இன்று காரணம் தெரியாமல் கண்மூடினால், தாய் யாரைக் கேட்பாள்? கிருமி என்ற சொல் அவள் காதுக்கு வராத காலம். யாரோ கொண்டுபோய்விட்டார்கள் என்பதுதான் அவளுக்கு எட்டிய விளக்கம். வீட்டில் இருந்தவற்றுள் பலமானதாகவும் கூரானதாகவும் கையில் கிடைத்தது இரும்பு. அதைப் பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவளை அறிவில்லாதவள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் நம்பிக்கையின் மறுபக்கத்தையும் சொல்லியாகவேண்டும். மாற்றுப்பிள்ளை என்று பெயர் சூட்டப்பட்டவற்றில் பல, பிறவியிலேயே குறையோ நோயோ உள்ள குழந்தைகள். அடித்தாலோ வெளியே போட்டாலோ நிலத்தடித் தாய் ஓடிவந்து உண்மையான பிள்ளையைத் தருவாள் என்றும் கதைகள் சொல்லின. சுவீடனின் கோட்லாந்துத் தீவில் 1690இல் ஒரு தம்பதி, வளராத தங்கள் பிள்ளையை நத்தார் இரவில் குப்பைமேட்டில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பிள்ளை குளிரில் இறந்தது, வழக்கு நீதிமன்றம் போனது. நம் ஊரிலும் வலிப்பு வந்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் பேயோட்டியவர்கள் உண்டு. மெத்தைக்கு அடியில் கிடக்கும் பாக்குவெட்டியால் எவருக்கும் கேடில்லை. மருத்துவத்தின் இடத்தைப் பிடிக்கிற நம்பிக்கையால் கேடுண்டு. அந்த ஹெந்தளை வீட்டில் பாக்குவெட்டியும் இருந்தது, தடுப்பூசித் திகதி குறித்த கொப்பியும் இருந்தது. அதுதான் சரியான வழி என்பேன்.

இவ்வளவையும் நாம் இன்று அறிவதற்கு, சிலர் ஊர்ச்சனத்தின் பேச்சை மதித்துக் காதுகொடுத்ததுதான் காரணம். நோர்வேயில் அஸ்பியோர்ன்சன், மூ என்ற இரு நண்பர்கள் 1841 முதல் நாட்டார் கதைகளை வெளியிட்டார்கள். ஒருவர் விலங்கியல் கற்றவர், மற்றவர் பின்னாளில் ஆயரானவர். டென்மார்க்கில் ஏவல்ட் தாங் கிறிஸ்தென்சன் (1843–1929) என்ற பள்ளிக்கூட வாத்தியார் யூட்லாந்தின் ஏழைக் குடிசைகளுக்கு நடந்தே போனார். ஆயிரக்கணக்கானவர்கள் சொன்னதை எழுதினார். கதையை மட்டும் எழுதாமல், சொன்னவரின் பெயரையும் ஊரையும் குறித்துக்கொண்டார். இலங்கையில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர் 1910க்கும் 1914க்கும் இடையில் சிங்களக் கிராமக் கதைகளை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். நம்மவரில் சி.வி. வேலுப்பிள்ளை மலையகப் பாடல்களைத் திரட்டினார். ஆனால் பிள்ளைப்பெற்ற வீட்டுப் பேச்சைத் திரட்டும் வேலை இன்னும் நிறையக் கிடக்கிறது.

வத்தளையின் மாடிவீடுகளில் வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்த அம்மம்மாக்களும் அப்பாச்சிமாரும் இருக்கிறார்கள். இடம்பெயர்ந்தபோது பலர் வீட்டை விட்டார்கள், காணியை விட்டார்கள், படங்களையும் விட்டார்கள். வாயில் இருந்தது மட்டும் கூடவே வந்தது. உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இந்த வாரமே கேளுங்கள். பிள்ளை பிறந்தால் என்ன வைத்தீர்கள், எதற்குப் பயந்தீர்கள், யார் சொல்லித் தந்தார்கள்? அவருடைய சம்மதத்தோடு தொலைபேசியில் பதிவுசெய்து, பெயர், ஊர், திகதி மூன்றையும் சேர்த்து வையுங்கள். ஒஸ்லோவில் பிறந்த பேரப்பிள்ளைக்கு மாற்றுப்பிள்ளைக் கதையைப் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுக்கக்கூடும். பாக்குவெட்டியின் கதையை நாம்தான் சொல்லவேண்டும்.

(அடுத்த வாரம்: தொழுவத்தைக் காக்கும் நிஸ்ஸேக்கு நத்தார் இரவில் வைத்த கஞ்சியும், நம் வைரவருக்கு வைக்கும் பொங்கலும்.)