தூரத்தில் ஒரு டீச்சர்

சென்ற அமாவாசைக்கு மேல்மலையனூர் போயிருந்தேன். செஞ்சியில் பஸ் பிடித்து, கூட்டத்தில் நசுங்கி, அங்காளம்மனைத் தரிசித்துவிட்டு, இரவு ஊஞ்சல் உற்சவம் வரை தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒரே அழுகைச் சத்தம். குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறதாம்.

"பால் பத்தலை போலிருக்கும்மா. புட்டிப்பால் கொடுத்துடலாம்னு பார்க்கிறோம்" என்றார் வீட்டுப் பெரியவர்.

இளம் தாயின் கண்ணில் நீர். "பால் இருக்கு ஆயா. வாய் வச்சாலே உயிர் போற மாதிரி வலிக்குது. அதான் பயமா இருக்கு" என்றாள் மெல்ல.

அப்போதுதான் அவளுடைய நாத்தனார் செல்போனை எடுத்து வந்தாள். தாய்ப்பால் கொடுக்கும் முறை பற்றித் தமிழில் ஒரு வீடியோ பாடம்!

"மூணு பெத்து வளர்த்தவ நான். எனக்கு இந்தப் பொட்டி சொல்லித் தரணுமா?" என்று ஆயா முணுமுணுத்தார். ஆனாலும் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு அவரும் எட்டிப் பார்த்தார்!

பாடம் என்ன சொன்னது தெரியுமா? இடது மார்பில் பால் கொடுக்க வேண்டுமானால் குழந்தையை வலது கையில் தாங்க வேண்டும். வலது உள்ளங்கை குழந்தையின் கழுத்துக்கும் தோளுக்கும் அணையாக இருக்கட்டும். இடது கை மார்பைத் தாங்கட்டும். காம்புக்கு நேரே குழந்தையின் மூக்கு வர வேண்டும். குழந்தை கொட்டாவி விடுவதுபோல் வாயை அகலத் திறக்கும் வரை பொறுத்திருந்து, மார்பைக் குழந்தையிடம் கொண்டு போகாமல், குழந்தையை மார்பிடம் கொண்டு வர வேண்டும். மோவாய் மார்பில் நன்றாகப் பதிந்து, கீழுதடு வெளிப்புறம் மடிந்திருந்தால் சரியாகப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். காம்பை மட்டும் கவ்வினால் தாய்க்கு வலி. குழந்தைக்கோ அரை வயிறு!

நிறுத்தினார்கள், செய்தார்கள், மறுபடி போட்டுப் பார்த்தார்கள். இரண்டு முறை சரிவரவில்லை. மூன்றாவது முறை குழந்தை பிடித்துக்கொண்டது. அழுகை நின்றது. "அடியம்மா, இத்தனை நாள் இது தெரியாமப் போச்சே!" என்றார் ஆயா. காம்பில் இருந்த புண்ணைக் காட்ட மறுநாள் நர்ஸிடம் போவதென்றும் முடிவாயிற்று.

என் மனம் அந்தப் பாடத்தையே சுற்றி வந்தது. மாணவியை ஒருநாளும் பார்க்காத ஆசிரியர், இவ்வளவு பொருத்தமாகச் சொல்லிக் கொடுத்தது எப்படி?

பம்பாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய 'ஸ்போக்கன் டுடோரியல்' என்ற திட்டத்தில் வந்த பாடங்கள் இவை. முதலில் கம்ப்யூட்டர் கற்றுத் தரத்தான் அது பிறந்தது. பிறகு குழந்தை மருத்துவர் ரூபல் தலாலின் முயற்சியில் தாய் சேய் நலப் பாடங்களும் சேர்ந்தன. கருவுற்றது முதல் குழந்தையின் இரண்டாவது பிறந்தநாள் வரை உள்ள சுமார் 1000 நாட்களின் போஷாக்கே அவற்றின் மையம்.

தொலைவிலிருந்து படிப்பது நமக்குப் புதிதல்ல. 1981-ல் சென்னைப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிக் கல்வி நிலையம் தொடங்கியபோது, தபாலில் வந்த பாடங்களை அடுப்படியில் வைத்துப் படித்துப் பட்டம் பெற்ற பெண்கள் உண்டு. ஆனால் அங்கே புரியாத இடத்தில் கேள்வி கேட்க ஆளில்லை. இந்தப் பாடங்களிலும் கேட்க முடியாது. அதனால், கேள்வி எழும் முன்பே பதில் இருக்கும்படி தயாரிக்கிறார்கள்.

எப்படி என்கிறீர்களா? முதலில், பேசப் போவதை வரிக்கு வரி எழுதிவிடுகிறார்கள். பிறகு அந்த விஷயமே தெரியாத ஒருவரிடம் கொடுத்து, அதை மட்டும் வைத்துச் செய்யச் சொல்கிறார்கள். அவர் தடுமாறினால் பிழை அவருடையதல்ல, எழுத்தினுடையது! அந்த இடத்தைத் திருத்துகிறார்கள். பாடம் சுமார் பத்து நிமிஷந்தான். படம் அப்படியே இருக்க, குரல் மட்டும் அந்தந்த மொழிக்கு மாறுகிறது. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் கிடைக்காத கிராமத்திலும் பார்க்கலாம்.

சகோதரிகளே, நாமும் டீச்சர்கள்தான்! வெளியூரில் இருக்கும் மகள், "அம்மா, பாப்பாவுக்கு ஆறு மாசம் முடிஞ்சுது, என்ன கொடுக்கட்டும்?" என்று கேட்கும்போது, "பருப்புச் சோறைக் குழைச்சு ஊட்டு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுகிறோம். எவ்வளவு குழைவு? அதைச் சொல்கிறோமா? 'கரண்டியைச் சாய்த்தால் தண்ணீராய் ஒழுகக் கூடாது; கெட்டியாக நிற்க வேண்டும். முதலில் இரண்டு மூன்று ஸ்பூன். ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை, தேன் வேண்டாம். தாய்ப்பாலையும் நிறுத்தாதே' என்று சொன்னால்தான் அது பாடம். அடுத்த முறை நீங்கள் பிசையும்போது செல்போனில் படம் பிடியுங்கள். அடுப்பங்கரையே எட்டிப் பார்க்காத மகனிடம் முதலில் காட்டுங்கள். அவனுக்குப் புரிந்தால் அனுப்பி வையுங்கள்!

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வீடியோ பேசும், உங்கள் குழந்தையை அது பார்க்காது. பிறந்து ஒரு வாரம் ஆன குழந்தை ஒரு நாளில் ஆறு முறைக்கும் குறைவாகச் சிறுநீர் கழித்தாலோ, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, அல்லது தாயின் மார்பு சிவந்து கட்டி ஜுரம் வந்தாலோ, செல்போனைக் கீழே வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

ஊஞ்சல் உற்சவம் முடிந்து திரும்பியபோது நடுநிசி தாண்டிவிட்டது. அந்த வீட்டில் குழந்தை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தாயும். திண்ணையில் ஆயா, பக்கத்து வீட்டுக் கர்ப்பிணிப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "மோவாய் பதியணும்டி... உதடு மடியணும்... நல்லாப் பார்த்துக்கோ!"