மதிலேறிய மாணவர்கள்

ஈரான் ஒரே குரலில் பேசும் நாடென நம்மில் பலர் எண்ணுவதுண்டு. செய்தித் தலைப்புக்களை மட்டும் வாசித்தால் அப்படித்தான் தோன்றும்.

1979 நவம்பர் 4ஆம் திகதி தெஹ்ரானிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தின் மதிலேறிக் குதித்தவர்கள் பல்கலைக்கழக மாணவர்களே. அமெரிக்காவுடன் பேச விரும்பிய பிரதமர் மெஹ்தி பஸர்கான் இரண்டே நாட்களில் பதவி விலகினார். 52 பேர் 444 நாட்கள் பணயக் கைதிகளாயிருந்தனர். வெளிநாட்டுக் கொள்கையைக் காரணமாக்கி, உள்வீட்டுப் போட்டியில் மிதவாதிகள் தோற்கடிக்கப்பட்டார்கள் என்பதே என் கணிப்பு.

அம்மாணவர்களின் பேச்சாளராக உலகத் தொலைக்காட்சிகளில் தோன்றியவர் ஓர் யுவதி, மஃஸூமா இப்திகார். 1997இல், பெண்களும் இளைஞர்களும் திரண்டு வாக்களித்து முஹம்மத் கத்தமி ஜனாதிபதியானார். அவரது உப ஜனாதிபதிகளில் ஒருவராகச் சுற்றாடல் பொறுப்பை ஏற்றவரும் அதே இப்திகார்தான்! மதிலேறியவர்களில் இன்னும் சிலரும் சீர்திருத்த அணியிலேயே நின்றனர்.

ஆனால் ஜனாதிபதி நினைத்ததெல்லாம் நடந்துவிடாது. பொதுக் கொள்கையை வகுப்பதும், யுத்தமா சமாதானமா எனப் பிரகடனம் செய்வதும் அரசியலமைப்பின் 110ஆம் பிரிவின்படி உயர் தலைவரின் அதிகாரம். வாக்கைப் பெறுபவர் ஒருவர், முடிவைச் சொல்பவர் வேறொருவர்.

அப்பாஸ் அப்தியைப் பாருங்கள். தூதரக முற்றுகையின் தலைவர்களுள் ஒருவரான அவர், 1998இல் பாரிஸில் முன்னாள் பணயக் கைதியொருவரைச் சந்தித்து உரையாடினார். 2002இல், அமெரிக்காவுடன் பேச்சுவார்த்தையைப் பெரும்பாலான ஈரானியர் விரும்புவதாகக் காட்டிய கருத்துக்கணிப்பொன்று வெளியானது. அதன் தொடர்பில் கைதாகிச் சிறை சென்றவர்களுள் அப்தியும் ஒருவர்.