'புட் அப்' படுத்தும் பாடு

ஆங்கிலத்தில் 'புட்' என்பது சிறிய சொல். 'அப்' என்பது அதனினும் சிறியது. முன்னதற்கு 'வை' என்றும் பின்னதற்கு 'மேலே' என்றும் பள்ளியிலே பொருள் படித்தோம். இரண்டையும் சேர்த்து 'மேலே வை' என்று கொண்டாலோ, பெரும்பாலான இடங்களில் பொருள் பொருந்துவதில்லை.

குடை விரிப்பதும் 'புட் அப்'. கூடாரம் அடிப்பதும் 'புட் அப்'. பலகையில் அறிவிப்பு ஒட்டுவதும், வீட்டை விற்பனைக்கு விடுவதும், தேர்தலில் வேட்பாளரை நிறுத்துவதும், தொழிலுக்கு முதல் போடுவதும் அதுவே. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், வாளை உறையில் இடுமாறு பேதுருவை இயேசுநாதர் பணிக்கும் இடத்திலும் இச்சொல்லே ஆளப்பட்டுள்ளது. வாள் உறைக்குள் இறங்குகிறது. சொல்லோ 'அப்' என்கிறது! 1755-இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சனே, இவ்வகை வினைகள் அயலாருக்குப் பெருந்தொல்லை தருவன என்று தம் முன்னுரையில் ஒப்புக்கொண்டுள்ளார்.

ஊரிலிருந்து புதிதாக வந்த இளைஞரை ஒருவர் 'வேர் ஆர் யூ புட்டிங் அப்?' என்று வினவினால், 'எங்கே தங்கியிருக்கிறீர்?' என்பதே பொருள். 'ஆண்டாப் ஹில்லில், மாமா வீட்டில்' என்று தயங்காமல் விடை கூறலாம்.

அரசாங்க அலுவலகங்களிலோ, கோப்பை மேலதிகாரியின் பார்வைக்குச் சமர்ப்பிப்பதே 'புட் அப்'. காகிதக் கோப்புப் போய்க் கணினிக் கோப்பு வந்த பின்னும் இவ்வழக்கு மாறவில்லை. ஆயினும் 'வித்' என்பது பின்னே சேர்ந்துவிட்டால் 'பொறுத்துக்கொள்' என்ற பொருளும் வந்து நிற்கும்.

நாம் அறிந்த ஓர் அலுவலகத்தில், கணவரை இழந்த ஓர் அம்மையாரின் குடும்ப ஓய்வூதிய விண்ணப்பத்தில் அதிகாரி 'புட் அப் வித் ப்ரீவியஸ் பேப்பர்ஸ்' என்று எழுதினார். முந்தைய தாள்களையும் சேர்த்துச் சமர்ப்பிக்க என்பது அவர் கருத்து. புதிதாகச் சேர்ந்த குமாஸ்தாவோ, பள்ளியில் மனப்பாடம் செய்தவாறு, பழைய தாள்களோடு பொறுத்திருக்கச் சொல்கிறார் என்று எண்ணி, விண்ணப்பத்தை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார். பிறரைக் கேட்கக் கூச்சம். ஐந்து வாரங்கள் கழிந்தன. அம்மையார் மும்முறை வந்து வெறுங்கையுடன் திரும்பினார். அதற்குள் மகனின் பள்ளிக் கட்டணத்திற்காக அவர் வளையல்கள் அடகுக்குப் போயின.

இதற்காக ஆங்கிலத்தைப் பழிப்பதற்கில்லை. நாமும் சோறு போடுகிறோம், சண்டை போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், ஊசி போடுகிறோம். தாய்மொழியாதலால் நமக்கு உறுத்தவில்லை. பம்பாயில் பிறந்து வளரும் நம் குழந்தைகளுக்கு இவையும் புதிரே. வீட்டில் நாம் பேசினாலன்றி அவர்களுக்கு விளங்கமாட்டா.

ஆகவே, வேலைக்குச் செல்லும் இளைஞர்களுக்கு ஒன்று கூறுவோம். இத்தகைய சொற்களைத் தனியே நெட்டுருப் போடாமல், கண்ட வாக்கியத்தோடு ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். ஐயம் தோன்றினால் பக்கத்து மேசைக்காரரை உடனே கேளுங்கள். கேட்பவருக்கு ஒரு நிமிடக் கூச்சம். கேளாவிட்டால் யாரோ ஒருவருக்குப் பல வாரத் துன்பம்.