உறுப்பு மாற்று ரணசிகிச்சையின் ஆதி சரித்திரம்

பழுதுற்ற உறுப்பொன்றை நீக்கி, அதனிடத்தில் பிறனொருவனுடைய உறுப்பை அமைத்தல் கூடுமோ என்னும் வினா மிகப் பழமையானது. நம் தேசத்துச் சுசுருதர் அறுபட்ட மூக்கைக் கன்னத்துச் சதையாற் புதுப்பிக்கும் முறையைத் தமது சம்ஹிதையில் விவரித்திருக்கின்றார். ஆயினும் அது நோயாளியின் சொந்தச் சதையே. பிறர் சதையைப் பெறுதலோ முற்றிலும் வேறு விஷயம். இவ்விரண்டிற்குமுள்ள பேதத்தின் காரணத்தை மேனாட்டார் உணர்தற்கு ஏறக்குறைய ஐம்பது வருஷங்கள் சென்றன.

1894-ஆம் வருஷத்தில் பிரெஞ்சு தேசத்து லியோன் நகரில், அக்குடியரசின் தலைவராகிய சாதி கார்னோவைக் கொலைஞனொருவன் கத்தியாற் குத்தினான். கல்லீரலுக்குச் செல்லும் பெருஞ்சிரை அறுபட்டது. தேர்ந்த வைத்தியர்கள் சூழ்ந்திருந்தும், அறுந்த இரத்தக் குழாயைத் தைக்கும் வழி எவர்க்கும் தெரியவில்லை. அவர் உதிரம் பெருகி மாண்டார். அந்நகரில் வைத்தியம் பயின்றுகொண்டிருந்த அலெக்ஸிஸ் காரல் என்னும் இளைஞர் உள்ளத்தில் இது ஆழப் பதிந்தது. லியோன், பட்டு நெசவிற்குப் பேர்போன ஊர். காரல் அங்கே சித்திரத் தையலில் வல்ல ஒரு மாதினிடஞ் சென்று, மிக மெல்லிய ஊசியையும் பட்டு நூலையும் கையாளப் பழகினார். 1902-இல் தம் முறையை வெளியிட்டார். வட்டமான குழாயின் வாயை மூன்றிடங்களில் நூலிட்டு இழுத்தால் அது முக்கோணமாகும். பின்பு மூன்று நேர்கோடுகளைத் தைப்பதே வேலை. கேட்கும்போது இது சிறு யுக்தியாகவே தோன்றும். ஆனால் சிறுநீரகம் முதலிய உறுப்புக்களை மாற்றிவைக்கும் சிகிச்சையனைத்தும் இத்தகைய தையலையே ஆதாரமாகக் கொண்டவை.

காரல் அமெரிக்கா சென்று நாய்களிடத்தில் சோதனைகள் செய்தார். குண்டிக்காய் என வழங்கும் சிறுநீரகத்தை எடுத்து, அதே நாய்க்கு மீண்டும் பொருத்தினால் அது செவ்வனே தொழில் புரிந்தது. வேறு நாய்க்குப் பொருத்தினாலோ விரைவில் அழிந்தது. தையலிற் குற்றமில்லை. பின் காரணம் யாது? 1912-இல் நோபெல் பரிசு பெற்ற அவருக்கும் அது விளங்கவில்லை.

இதற்கிடையில் ஒரு நற்செய்தியும் உண்டு. 1905-இல் மொராவியாவிலுள்ள ஓலொமோட்ஸ் நகரில் எடுவார்ட் ஸிர்ம் என்னும் கண் வைத்தியர், சுண்ணாம்பு பட்டுப் பார்வையிழந்த ஒரு கூலியாளுக்கு, ஒரு சிறுவனுடைய அகற்றப்பட்ட கண்ணிலிருந்து எடுத்த கருவிழிப் படலத்தைப் பொருத்திப் பார்வை அளித்தார். அப்படலத்தில் இரத்தக் குழாய்கள் இல்லாமையே இவ்வெற்றிக்குப் பெருங்காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. மற்ற உறுப்புக்களுக்கு இப்பாக்கியம் இல்லை. 1933-இல் உக்ரேன் தேசத்துக் கெர்சன் நகரில் யூரி வோரோனோய் என்பவர், விஷமருந்திய ஓர் இளம்பெண்ணுக்கு, இறந்து ஆறுமணி நேரமான ஒருவரின் சிறுநீரகத்தைத் தொடையில் அமைத்தார். இரத்த வகையும் ஒவ்வாதது. அப்பெண் இரண்டு நாட்களில் மாண்டாள்.

காரணம் வெளிப்பட்டது இரண்டாம் உலக யுத்த காலத்திலேயாம். கிளாஸ்கோ நகர ஆஸ்பத்திரியில் தீக்காயமுற்ற ஒரு பெண்ணுக்கு அவள் சகோதரனுடைய தோலை ஒட்டிப் பார்த்தனர் பீட்டர் மெடவார், தாமஸ் கிப்ஸன் என்னும் இருவர். அத்தோல் சில நாட்கள் செழித்துப் பின் அழிந்தது. இரண்டாம் முறை ஒட்டியது முன்னிலும் விரைவில் அழிந்தது. அம்மைப்பால் குத்தப்பட்ட உடல் அந்நோயை நினைவிற்கொண்டு எதிர்ப்பதுபோலவே, அயலார் தோலையும் உடல் நினைவிற்கொண்டு எதிர்க்கின்றது என 1943-இல் அவர்கள் எழுதினர். நம்மைக் காக்கும் சக்தியே நமக்கு உதவ வந்த உறுப்பையும் மாய்க்கின்றதென்பது எத்துணை விசித்திரம்!

இவ்வெதிர்ப்பு நிகழாத இடம் ஒன்றுண்டு. ஒரே கருவினின்றும் பிறந்த இரட்டையர் உடல்கள் ஒன்றையொன்று அயலெனக் கொள்வதில்லை. 1954-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹெரிக் என்னும் 23 வயதினர் சிறுநீரக நோயால் மரணத்தறுவாயில் இருந்தார். ரொனால்டு என்னும் இரட்டைச் சகோதரர் தமது சிறுநீரகமொன்றைத் தர முன்வந்தார். பாஸ்டன் நகரத்துப் பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரி வைத்தியர்கள் இருவர் கைரேகைகளையும் ஒப்பிட்டனர். ஒருவர் தோலை மற்றவர்க்கு ஒட்டிச் சோதித்தனர். எனினும் பெருங்கஷ்டம் வேறு. நோயில்லாத ஒருவனை, அவனுக்கு யாதொரு நன்மையுமின்றி, வைத்தியன் கத்தியால் அறுக்கலாமோ? தீங்கு செய்யாமையே வைத்தியனது முதற்கடன் அன்றோ? அவர்கள் பல சமயக் குருமாரையும் நியாயவாதிகளையும் கலந்தாலோசித்தனர். தம் பிற்காலச் சுகத்திற்கு ஆஸ்பத்திரி பொறுப்பேற்குமோ என ரொனால்டு வினவியபோது, வைத்தியர் ஹாரிஸன் இல்லையென்றே உரைத்து, உடனே, உதவி வேண்டி வந்தால் இவ்வறையிலுள்ள எவரேனும் உம்மைக் கைவிடுவரோ என்று திருப்பிக் கேட்டார். பத்திரமன்று, வைத்தியர் மனச்சாட்சியே தமக்குப் பிணை என ரொனால்டு உணர்ந்தார். சிகிச்சைக்கு முந்திய இரவில் ரிச்சர்ட், இவ்விடம் விட்டு வீடு போய்விடு என்று அவருக்கு ஒரு சீட்டு அனுப்பினார். அவரோ போகேன் என மறுமொழி விடுத்தார்.

டிசம்பர் 23-ஆம் தேதி ஹாரிஸன் உறுப்பை எடுக்க, ஜோஸப் மர்ரே அதனைப் பொருத்தினார். இரத்தம் பாய்ந்தவுடன் சிறுநீர் சுரந்தது. ரிச்சர்ட் தம்மைப் பராமரித்த தாதியையே மணந்து, இரு மக்களைப் பெற்று, 1963-இல் காலமானார். ரொனால்டு ஒற்றைச் சிறுநீரகத்துடன் 2010 வரை, 79 வயதளவும் வாழ்ந்தார்.

இரட்டையரல்லாதார்க்கு வழி திறந்தது உடலின் எதிர்ப்பைத் தணிக்கும் அஸதியோப்ரின் முதலிய மருந்துகளால். 1962-இல் அம்மருந்தின் உதவியால், இறந்தவர் சிறுநீரகத்தை மர்ரே உறவில்லாத ஒருவர்க்கு அமைத்து வெற்றி கண்டார். நம் நாட்டில் வெற்றியுடன் நிறைவேறிய முதற் சிறுநீரக மாற்று சிகிச்சை 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நடைபெற்றது.