ஸ்பொன்சர் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது பயணம் செய்யலாமா?

“ஸ்பொன்சர் போட்டாயிற்று. இனி முடிவு வரும்வரை வெளிநாடு எங்கும் போகக்கூடாதாமே?” கனடாவில் கணவனோ மனைவியோ இருக்க, ஊரில் காத்திருக்கும் குடும்பங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. பதில் சொல்வதற்கும் ஆட்கள் குறைவில்லை. முகவர் ஒன்று சொல்வார். ஸ்காபரோவில் இருக்கும் சித்தப்பா வேறொன்று சொல்வார். இரண்டையும் கேட்டவர்கள் பயந்துபோய், போக வேண்டிய இடத்துக்கும் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்பதற்காக எவருக்கும் பயணத் தடை விதிக்கப்படுவதில்லை. ஆனால் ஒருவருக்கு எந்தப் பாதிப்பும் தராத பயணம் இன்னொருவரின் கோப்பையே குலைத்துவிடும். எந்தப் பிரிவில் விண்ணப்பித்தீர்கள், பயணம் செய்பவர் எங்கே வசிக்கிறார், ஸ்பொன்சர் செய்பவர் கனடாவில் என்ன அந்தஸ்தில் இருக்கிறார் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். மூன்றாவதைத்தான் எங்கள் ஆட்கள் குறைவாகக் கவனிக்கிறார்கள். பெரிய ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

ஊரில் காத்திருப்பவர்

யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ இருந்துகொண்டு குடும்பப் பிரிவின் கீழ் விண்ணப்பித்தவர் இந்தியாவுக்கோ மலேசியாவுக்கோ போய் வருவதால் விண்ணப்பம் பாதிக்கப்படாது. சில விடயங்களில் மட்டும் கவனம் வேண்டும்.

கடந்த 10 ஆண்டுகளுக்குள் ஒரு நாட்டில் தொடர்ச்சியாக 6 மாதங்களோ அதற்கு மேலோ தங்கியிருந்தால், அந்த நாட்டின் பொலிஸ் நற்சான்றிதழைக் கேட்பார்கள். தமிழ்நாட்டில் உறவினர் வீட்டில் ஏழெட்டு மாதம் இருந்தவருக்கும், வளைகுடாவுக்கு வேலைக்குப் போய் வந்தவருக்கும் இது பொருந்தும். மருத்துவப் பரிசோதனை 12 மாதங்களுக்கே செல்லுபடியாகும். முகவரியோ கடவுச்சீட்டோ மாறினால் உடனே அறிவிக்க வேண்டும். கடவுச்சீட்டைச் சமர்ப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல் வரும் நேரத்தில் நீங்கள் வேறு நாட்டில் நின்றால் தாமதமாகும். அதனால் பயணத்திலும் மின்னஞ்சலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கனடாவுக்கே பார்வையாளராகப் போய் வரலாமா? விண்ணப்பிக்கலாம். நிரந்தரமாகக் குடியேற விரும்பும் ஒருவர் தற்காலிகமாகவும் வர விரும்பலாம் என்பதைக் கனடிய குடிவரவுச் சட்டத்தின் 22(2)ஆம் பிரிவு ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அனுமதிக்கப்பட்ட காலம் முடிந்ததும் வெளியேறுவீர்கள் என்று அதிகாரி நம்ப வேண்டும். அந்த விசா எல்லோருக்கும் கிடைப்பதில்லை. சில முகவர்கள் ஸ்பொன்சர் விண்ணப்பம் போட்டிருப்பதை மறைத்துவிடச் சொல்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். தகவலை மறைத்ததாக முடிவானால் 5 ஆண்டுகளுக்குக் கனடாவுக்குள் நுழைய முடியாது. நிரந்தர வதிவிடத்துக்கும் அந்தக் காலத்தில் விண்ணப்பிக்க முடியாது.

கனடாவுக்குள் இருந்து விண்ணப்பித்தவர்

மாணவராகவோ பார்வையாளராகவோ வேலை அனுமதியிலோ கனடாவுக்குப் போய், அங்கே துணையுடன் வசித்தபடி உள்நாட்டுப் பிரிவில் விண்ணப்பித்தவர்களின் நிலை வேறு. ஸ்பொன்சர் செய்பவருடன் கனடாவில் சேர்ந்து வாழ்வது இந்தப் பிரிவின் அடிப்படை நிபந்தனை. அவர்கள் கனடாவை விட்டு வெளியே வருவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் திரும்பி உள்ளே போக முடியும் என்ற உத்தரவாதத்தை எவரும் தருவதில்லை.

இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு உள்ளே நுழைய விசா வேண்டும். வேலை அனுமதிப்பத்திரமும் கல்வி அனுமதிப்பத்திரமும் விசா ஆகா. கையில் அனுமதிப்பத்திரம் இருக்கிறது, விசா காலாவதியாகிவிட்டது என்ற நிலையில் தாயைப் பார்க்க ஊருக்கு வந்தவர், புதிய விசா கிடைக்கும்வரை இங்கேயே நிற்க வேண்டியதுதான். அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு, பழைய நிபந்தனையின் கீழ் வேலை செய்துகொண்டிருப்பவர் நாட்டை விட்டு வெளியேறினால் அந்த வேலை உரிமையையும் இழக்கிறார்.

திரும்பிப் போக முடியாமல் போனால், சேர்ந்து வாழவில்லை என்று விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். குடும்பப் பிரிவில் நிராகரிக்கப்பட்டால் ஸ்பொன்சர் செய்தவர் பொதுவாகக் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். உள்நாட்டுப் பிரிவில் அந்த வழி இல்லை. சமஷ்டி நீதிமன்றத்தில் நீதித்துறை மீளாய்வு கேட்க மட்டுமே முடியும். ஆகவே, இடையில் ஊருக்கு வர வேண்டியிருக்கும் என்று முன்பே தெரிந்தவர்கள், கனடாவில் இருந்தாலும் குடும்பப் பிரிவில் விண்ணப்பிப்பதே பாதுகாப்பானது.

அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு வெளியேற்ற உத்தரவுடன் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உத்தரவின் வகையைப் பொறுத்து, ஒருமுறை வெளியேறினால் மீண்டும் வருவதற்குத் தனி அனுமதி தேவைப்படலாம்.

ஸ்பொன்சர் செய்பவர் அகதியாக வந்தவர் என்றால்

2009இல் ஓஷன் லேடி கப்பலில் 76 பேரும், 2010இல் சன் சீ கப்பலில் 492 பேரும் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தார்கள். விமானத்திலும் தரைவழியாகவும் போய் அகதித் தஞ்சம் பெற்றவர்களும் பலர். அப்படிப் பாதுகாப்புப் பெற்று, பிறகு நிரந்தர வதிவிடமும் பெற்ற ஒருவர், இன்னும் குடியுரிமை எடுக்காத நிலையில் இலங்கைக் கடவுச்சீட்டில் ஊருக்கு வந்தால் என்ன நடக்கும்?

தப்பி வந்த நாட்டின் பாதுகாப்பைத் தாமாகவே மீண்டும் நாடினார் என்று கனடிய அரசு வாதிடலாம். அவருடைய அகதி அந்தஸ்தை முடிவுறுத்தக் கோரி விண்ணப்பிக்கவும் செய்யலாம். 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அந்த விண்ணப்பம் வென்றால் அகதிப் பாதுகாப்போடு நிரந்தர வதிவிடமும் சேர்ந்தே பறிபோகும். அகதிகள் மேன்முறையீட்டுப் பிரிவுக்கும் போக முடியாது. நிரந்தர வதிவிடம் இல்லாதவர் ஸ்பொன்சர் செய்யவும் முடியாது. மனைவியை அழைக்க வந்த பயணமே மனைவியின் கோப்பையும் மூடிவிடுகிறது.

ஊருக்கு வந்தால் மட்டும்தான் பிரச்சினை என்றில்லை. இலங்கைக் கடவுச்சீட்டைப் புதிதாக எடுப்பதும், அதை வைத்து வேறு நாடுகளுக்குப் போவதும் அவருக்கு எதிராகப் பயன்படலாம். அகதிகளுக்குக் கனடா வழங்கும் பயண ஆவணம் இருக்கிறது. எந்த நாட்டிலிருந்து தப்பி வந்தாரோ அந்த நாட்டுக்கு மட்டும் அது செல்லாது.

போர் முடிந்துவிட்டது, நாட்டு நிலைமை மாறிவிட்டது என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரின் நிரந்தர வதிவிடத்தைப் பறிக்க முடியாது. அவர் தாமாகச் செய்த செயல்களே அதற்குக் காரணமாக வேண்டும். 2022இல் கலின்டோ கமாயோ வழக்கில் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் இங்கே முக்கியமானது. விளைவு அவருக்குத் தெரிந்திருந்ததா, எதற்காகப் பயணம் செய்தார், அங்கே என்ன முன்னெச்சரிக்கை எடுத்தார், யாருக்குப் பயந்து வந்தவர் என்பவற்றையெல்லாம் ஆராய வேண்டும் என்றது நீதிமன்றம். அரசுக்குப் பயந்து வெளியேறிய ஒருவர் அதே அரசின் கடவுச்சீட்டில் கட்டுநாயக்காவில் வந்து இறங்கியதை விளக்குவது எளிதல்ல.

தொலைபேசியிலோ பதிலாள் மூலமோ திருமணத்தைப் பதிந்து இதைத் தவிர்க்கவும் வழியில்லை. திருமணச் சடங்கில் இருவரும் நேரில் இருக்க வேண்டும் என்பது 2015 முதல் கனடிய விதி. அதனால்தான் எங்களில் பல திருமணங்கள் திருச்சியிலும் சென்னையிலும் நடக்கின்றன.

என்னுடையதும் திருச்சியில்தான் நடந்தது. கணவர் அகதியாகப் போனவர், இன்னும் குடியுரிமை பெறவில்லை. கிளிநொச்சியில் மாமி காலமானபோது அவர் வரவில்லை. வீடியோ அழைப்பில் இருந்தார். கொள்ளியை மைத்துனர் வைத்தார். “தாய்க்குக் கூட வராத பிள்ளை” என்று செத்த வீட்டில் இரண்டொருவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. வராமல் இருந்ததற்குச் சட்டம்தான் காரணம் என்று அந்த இடத்தில் யாருக்கு விளக்குவது? இப்படியான பேச்சுக்குப் பயந்தே பயணச்சீட்டு எடுத்தவர்கள் இருக்கிறார்கள். இந்தச் சட்டத்தை ஊரில் இருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் நினைப்பது அதனால்தான்.

குடியுரிமை கிடைத்த பின் இந்த ஏற்பாட்டின் கீழ் அந்தஸ்தைப் பறிக்க முடியாது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்க, அதற்கு முந்தைய 5 ஆண்டுகளில் 1,095 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். காத்திருக்க முடியுமானால், குடியுரிமையை எடுத்துவிட்டு ஊருக்கு வருவதே நல்லது.

பயணச்சீட்டு எடுக்க முன்

விண்ணப்பம் குடும்பப் பிரிவிலா, உள்நாட்டுப் பிரிவிலா என்று முதலில் பாருங்கள். முகவர் நிரப்பிய கோப்பென்றால் அதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள், அது உங்களுடையது. கனடாவிலிருந்து வெளியே வருபவர் தன் விசாவின் காலாவதித் திகதியையும், அது பலமுறை நுழையக்கூடியதா என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்பொன்சர் செய்பவர் எந்த வழியில் நிரந்தர வதிவிடம் பெற்றார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். திருமணப் பேச்சின்போதே கேட்க வேண்டிய கேள்வி இது.

அகதி அந்தஸ்தோ வெளியேற்ற உத்தரவோ சம்பந்தப்பட்டிருந்தால், கனடாவில் உரிமம் பெற்ற குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் பேசாமல் புறப்பட வேண்டாம். ஏற்கெனவே ஊருக்கு வந்து போனவர்களும் குடியுரிமை விண்ணப்பத்தையோ நிரந்தர வதிவிட அட்டையைப் புதுப்பிக்கும் படிவத்தையோ நிரப்ப முன் அதே ஆலோசனையைப் பெறுங்கள். பழைய பயணங்களையும் அந்தப் படிவங்களில் கேட்பார்கள்.