தவறு மெலியும் இடம்

செய்த தவறை ஒப்புக்கொண்ட பிறகும் அதன் கனம் குறைய வழி உண்டா?

உண்டு என்கிறது ‘எக்ஸ்டெனுவேட்’ என்ற ஆங்கிலச் சொல். லத்தீனில் இதன் வேருக்கு ‘மெலிதாக்குவது’ என்று பொருள். மூச்சுத் திணறும் குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கு விரைந்த ஒருவர் சிவப்பு விளக்கைத் தாண்டிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விதியை மீறியது மீறியதுதான். ஆனால், அவருடைய பதற்றத்தைக் கேட்டதும் நம் கோபம் தணிகிறது இல்லையா? அப்படித் தவறின் கனத்தைக் குறைக்கும் சூழ்நிலையைத்தான் ‘எக்ஸ்டெனுவேட்டிங் சர்க்கம்ஸ்டன்சஸ்’ என்கிறார்கள். அதனால் தவறு இல்லாமல் போய்விடாது; பழி மட்டும் குறையும்.

நம் நீதிமன்றங்களிலும் இந்தப் பார்வை உண்டு. மரண தண்டனை பற்றி முடிவெடுக்கும்போது குற்றத்தை மட்டுமல்ல, குற்றவாளியின் நிலைமையையும் எடைபோட வேண்டும் என்று 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

வீட்டிலோ வேலையிடத்திலோ யாராவது தவறு செய்தால், “ஏன் இப்படி ஆச்சு?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்கள். அந்த நியாயம் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும்.